ஜெபக் கோபுரத்துக்கு வந்த குழாய்

ரத்தினபாய் டீச்சர் பள்ளிக்கூட நேரத்தில் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை. உபவாசம் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். டீச்சரும் மறுக்கவில்லை. நிஜக் காரணத்தைச் சொல்வதைவிட உபவாசம் கௌரவமாக இருந்தது. தாம்பரத்தில் அவர் வேலை பார்த்த அந்தப் பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் பெரிய கட்டடத்தில் கழிப்பறை கிடையாது, அதுதான் நிஜக் காரணம்.

சும்மா சொல்லக்கூடாது, கட்டடம் அழகுதான். பார்லோ என்ற வெள்ளைக்கார மிஷனரி கட்டியது. பழைய ஆட்கள் அவரை பார்லோ ஐயர் என்பார்கள். சிவப்புச் செங்கல் சுவர், நீண்ட வராந்தா, வராந்தா நெடுக வளைவு வளைவாகத் தூண்கள், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை. சித்திரை வெயிலிலும் உள்ளே சில்லென்று இருக்கும். காற்று வர வழி, வெளிச்சம் வர வழி, அனல் வெளியேற வழி என்று எல்லாவற்றையும் யோசித்த மனிதர், உள்ளே உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு ஒன்றுக்கு வந்தால் போக வழி யோசிக்கவில்லை. பிற்காலத்தில் யாரோ மனமிரங்கி, மைதானத்தைத் தாண்டி, பம்பு ஷெட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஒரு வரிசை கட்டிவைத்தார்கள். வெயிலில் போனால் மண்டை காயும். மழையில் போனால் சேலை முழங்கால்வரை நனையும். இரண்டு காலத்திலும் சாரைப்பாம்பு உண்டு.

பல்லாவரத்தில் ரயில்வே குமாஸ்தா ஒருவருக்குப் பிறந்த ரத்தினபாய், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு இங்கே மாணவியாகச் சேர்ந்தவர். முதல் வாரத்தில் சீனியர் அக்காக்கள் கற்றுக்கொடுத்த பாடம் குழந்தை மனோதத்துவம் அல்ல. காலையில் காபி பாதி டம்ளர், மத்தியானம் ரசம் வேண்டாம், தண்ணீர் நாக்கு நனையும் அளவுக்கு. அந்தப் பாடத்தில் அவர் முதல் வகுப்பில் தேறினார். பிறகு அங்கேயே டீச்சரானார், பேங்க் கிளார்க் ஜெபராஜைக் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பிள்ளைகளைப் பெற்றார், நீர்க்கடுப்புக்கு வருஷம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். டாக்டர் ஒவ்வொரு முறையும் "நிறையத் தண்ணி குடிங்கம்மா" என்று சொல்வார். டீச்சரும் தலையாட்டிவிட்டு வருவார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அவர் பிரின்ஸிபால் ஆனார். மற்றவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டர் கேட்பார்கள், கார் கேட்பார்கள். ரத்தினபாய் கேட்டது ஒரு கழிப்பறை. மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது. அதைக் கழுவி, ஒரு குழாய் இழுத்துவிட்டால் போதும். கொத்தனாரைக்கூடப் பார்த்தாயிற்று.

அவர் ஜாதகம், அந்த வருஷம்தான் கட்டடத்துக்கும் பதவி உயர்வு வந்தது. பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்துவிட்டார்கள். அதைப் பராமரிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவின் அனுமதி இல்லாமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று எழுதிய பலகையை, சுவரில் நான்கு ஆணி அடித்து மாட்டினார்கள்.

குழுவின் தலைவர் தயாளன். கட்டடக்கலை நிபுணர். கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை, பழைய சுவரைக் கண்டால் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிக்கொடுக்கும் கை. கீழ்க்கட்டளையில் அப்பா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, கண்ணாடி முகப்பு வைத்து நாலு மாடி எழுப்பியிருந்தார். அறைக்கு ஒரு பாத்ரூம். அது சொந்த வீடு, வேறு விஷயம்.

டீச்சர் ஸ்டோர் ரூமைக் காட்டினார். தயாளன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். வலித்த மாதிரி இருந்தது.

"மேடம், இது ஸ்டோர் ரூம். கட்டின நாள்லேருந்து ஸ்டோர் ரூம். ஒரு இடத்தோட மூலப் பயன்பாட்டை மாத்தினா கட்டடத்தோட ஆன்மாவே போயிடும்."

"ஆன்மா சரி சார். எங்களுக்கு சரீரமும் இருக்கே."

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். டீ குடித்தார், வளைவுகளைப் படம் பிடித்தார், இன்னொரு டீ குடித்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "இங்க ரெஸ்ட் ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

வாட்ச்மேன் ஜெயவேலு கையை நீட்டிக் காட்டினான். பீர்க்கன்கரணையிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவன். யாருக்கும் குரலைத் தாழ்த்தாதவன். "தோ, கிரவுண்ட தாண்டிக்கினு போ சார். பம்பு ஷெட்டு பின்னால கீது. பாத்துப் போ, பாம்பு கெடக்கும்."

தயாளன் பன்னிரண்டு மணி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த மைதானத்தைப் பார்த்தார். பரவாயில்லை என்று காரில் ஏறிவிட்டார். சற்று நேரத்தில் ஜெயவேலு அறை வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், நம்ம காம்பவுண்டு செவுரும் அந்த லிஸ்ட்டுல கீதா?"

"இருக்குன்னுதான் நினைக்கிறேன். ஏன்?"

"இல்ல, அந்த ஜிப்பா சார் கேட்டாண்ட வண்டிய நிறுத்தி, செவுத்து மேல ஒண்ணுக்குப் போய்க்கினு கீறாரு. அதான் கேட்டேன்."

இரண்டாயிரத்து ஐந்தில் பெய்த மழை தாம்பரத்துக்காரர்களுக்கு மறக்காது. ஏரிகள் நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு வந்தது. பள்ளி மைதானமும் ஏரியாயிற்று. ஒருநாள், ஏழு மாதக் கர்ப்பிணியான பியூலா டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு பம்பு ஷெட்டை நோக்கிப் போனவள், தண்ணீருக்கடியில் கிடந்த கல் தெரியாமல் விழுந்தாள். ஜெயவேலு ஓடிப்போய்த் தூக்கினான். மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை ரத்தினபாய் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். மாவுக்கட்டோடு வெளியே வந்த பியூலா, "ஸாரி மேடம், அடக்க முடியலை" என்றாள். விழுந்தவள் மன்னிப்புக் கேட்டதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனார். அங்கே காரசாரமான விவாதம் நடந்துகொண்டிருந்தது. சுவர் பூச்சுக்கான சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரோடு வெல்லம் சேர்ப்பதா, கருப்பட்டி சேர்ப்பதா என்று. கருப்பட்டிக்காரர்கள் ஒரு பக்கம், வெல்லக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் தட்டில் முந்திரி பிஸ்கட். டீச்சர் பியூலாவின் கதையைச் சொன்னார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

"உள்ள கட்டக் கூடாதுன்னா வேண்டாம். பின்பக்கம் வராந்தாவை ஒட்டி வெளியிலயாவது ஒரு ரூம் கட்டிக்கறோம்" என்றார் டீச்சர்.

தயாளன் பதறிவிட்டார். "பின்பக்கமா? அங்கதானே ஜெபக் கோபுரம் இருக்கு! அதை மறைச்சு ஒரு டாய்லெட்டா? மேடம், நீங்களே இப்படிப் பேசலாமா?"

அந்த ஜெபக் கோபுரம் கட்டடத்தின் பின்மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒரு வட்டமான செங்கல் கோபுரம். மாடி உயரம். மேலே சின்ன அறை, கைக்கெட்டாத உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். வெளிப்பக்கமாக ஒல்லியான சுழல்படி. கீழே தரையோடு தரையாக ஓர் இரும்புக் கதவு. பார்லோ ஐயர் அதிகாலையில் அங்கே தனித்திருந்து ஆண்டவரோடு பேசினார் என்று தயாளன் எழுதிய சிற்றேடு சொன்னது. இரும்புக் கதவு, ஆபத்துக் காலத்தில் தப்பிக்க வைத்த ரகசிய வழியாம். ஆண்டுதோறும் நிறுவனர் நாளன்று மாணவிகள் கோபுரத்தைச் சுற்றி மெழுகுவர்த்தி ஏந்தி நின்று பாட்டுப் பாடுவது வெகுகால வழக்கம்.

கூட்டம் முடிந்து வந்த கோபத்தில் ரத்தினபாய் நேரே கோபுரத்துக்குப் போனார். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகப் பார்த்த கோபுரம்தான். மரியாதையோடு பார்த்ததால் ஒன்றும் கண்ணில் படவில்லை. இப்போது எரிச்சலோடு பார்த்தார். எல்லாம் பட்டது. மாடியில் பார்லோ ஐயர் குடியிருந்த பகுதியின் படுக்கையறையிலிருந்து நேரே ஒரு தேக்குக் கதவு. உள்ளே தரையில் வட்டமாகச் சிமென்ட் வைத்து அடைத்த ஓர் ஓட்டை. அதற்கு நேர் கீழே அந்த ரகசியக் கதவு. முட்டி போட்டு ஜெபிக்கிற அளவுக்குக்கூட அறையில் இடமில்லை. உட்காரலாம், அவ்வளவுதான்.

டீச்சருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, தான் மாணவியாக இருந்த காலத்திலிருந்து இதன் முன்னால் மெழுகுவர்த்தி பிடித்ததை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த கூட்டத்தில் சொன்னார். "சார், அது ஜெபக் கோபுரம் இல்லை. பார்லோ ஐயரோட கக்கூஸ்."

 பள்ளியின் தாளாளர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். தயாளன் சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல, "மேடம், நீங்க ஒரே விஷயத்தை ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருக்கீங்க. அதனால பார்க்கறதெல்லாம் அப்படியே தெரியுது" என்றார். மறுநாள் காலை ஆராதனையில், பிரின்ஸிபால் அம்மாளின் மன அமைதிக்காகத் தாளாளர் ஒரு சிறப்பு ஜெபம் ஏறெடுத்தார். டீச்சரும் கண்ணை மூடி ஆமென் சொல்லவேண்டியதாயிற்று.

ஊரப்பாக்கத்து வீட்டில் ஜெபராஜ், "உனக்கெதுக்கு இந்த வம்பு? ரிட்டயர் ஆகப்போற நேரத்துல" என்றார்.

"நீங்க பேங்க்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்து போனீங்க?"

"அதெல்லாமா யாராவது எண்ணுவாங்க?"

"நான் எண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் மிக்ஸியைப் போட்டார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷ நிறுவனர் நாளுக்கு லண்டனிலிருந்து சிறப்பு விருந்தாளி வந்தார். பார்லோ ஐயரின் பேத்தி டாரதி அம்மாள். இந்தக் கட்டடத்தின் மாடியில்தான் பிறந்து, பத்து வயதுவரை வளர்ந்தவர். எழுபதைத் தாண்டியும் கைத்தடி இல்லாமல் டக்டக்கென்று நடந்தார். தயாளன் புது ஜிப்பா போட்டு வந்து, வளைவு வளைவாகக் கூட்டிப்போய்க் காட்டினார். கடைசியில் கோபுரத்துக்கு வந்தார்கள். மாணவிகள் வெள்ளைச் சேலையில் மெழுகுவர்த்தியோடு வட்டமாக நின்றார்கள். பாட்டு ஆரம்பித்தது.

டாரதி அம்மாள் கோபுரத்தைப் பார்த்தார், மெழுகுவர்த்திகளைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற ரத்தினபாயிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இங்கே ஏன் பாடுகிறார்கள்?"

டீச்சர் வாயைத் திறக்குமுன் தயாளன் முந்திக்கொண்டார். "உங்கள் தாத்தா தினமும் காலையில் இங்கேதான் தனிமையில் ஆண்டவரோடு பேசினார்."

"பேசினார், பேசினார்" என்றார் அந்த அம்மாள். "எங்களுக்கெல்லாம் கேட்கும். ஆண்டவரே, ஆண்டவரே என்று கதறுவார். அவருக்குப் பயங்கர மலச்சிக்கல். இது அவருடைய கக்கூஸ் அல்லவா?"

முன்வரிசையில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளிடம் பாட்டு நின்றது. தெரியாத பிள்ளைகள் இன்னும் இரண்டு அடி பாடினார்கள். பியூலா ஒருகாலத்தில் மாவுக்கட்டுப் போட்டிருந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். தாளாளர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

தயாளன் தடுமாறிக்கொண்டே, "அப்போ... இந்த ரகசிய வழி?" என்று இரும்புக் கதவைக் காட்டினார்.

"ரகசியமெல்லாம் இல்லை. விடியுமுன் ஒரு ஆள் கூடையோடு வருவான். அந்தக் கதவைத் திறந்து வாளியை எடுத்துக்கொண்டு போவான். அவனைப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்."

"அவர் பேர் என்ன?" ரத்தினபாய் கேட்டார்.

டாரதி அம்மாள் யோசித்தார். வீட்டுச் சமையல்காரர் பெயரைச் சொன்னார், தோட்டக்காரர் பெயரைச் சொன்னார், குதிரையின் பெயரைக்கூடச் சொன்னார். "இல்லை, அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது" என்றார். அந்த முகத்தில் முதல் முறையாக ஒரு சங்கடம் தெரிந்தது. தயாளன் முகத்தில் தெரியவில்லை. அவர் அதற்குள் வேறு யோசனைக்குப் போய்விட்டிருந்தார்.

அந்த யோசனை அடுத்த கூட்டத்தில் வெளிவந்தது. "காலனியக் காலத்து சுகாதாரக் கட்டடக்கலையின் அரிய எடுத்துக்காட்டு" என்றார் தயாளன். நான் சொன்னபோது கக்கூஸ், வெள்ளைக்காரி சொன்னதும் எடுத்துக்காட்டா என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். கோபுரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, புதுப் பலகை வைத்து, யாரையும் உள்ளே விடாமல் பாதுகாப்பதென்று தீர்மானம் எழுதத் தொடங்கினார்கள்.

டீச்சர் எழுந்தார். "சார், ஒரு சந்தேகம். ஒரு இடத்தோட மூலப் பயன்பாட்டை மாத்தக் கூடாதுன்னு சொன்னீங்களே, அது இப்பவும் அப்படித்தானா?"

"நிச்சயமா. அதுதான் எங்க அடிப்படைக் கொள்கை."

"அப்போ இதோட மூலப் பயன்பாடு என்ன?"

 தயாளன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார்.

"இத்தனை வருஷமா அதைச் சும்மா மூடிவச்சு, பாட்டுப் பாடி, கட்டடத்தோட ஆன்மாவை நாம கெடுத்துட்டோம் சார்" என்றார் டீச்சர், மிகுந்த வருத்தத்தோடு. "உடனே சரிசெய்யணும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கூடைக்குப் பதிலா குழாய். அது ஒண்ணுதான் மாற்றம்."

கருப்பட்டிக் கட்சிக்காரர் ஒருவர், சுண்ணாம்பு விவகாரத்தில் தயாளனிடம் தோற்ற கடுப்பில் இருந்தவர், "மேடம் சொல்றது லாஜிக்தானே" என்று மேஜையைத் தட்டினார். மற்றவர்களுக்குப் பசி நேரம். தீர்மானம் நிறைவேறியது.

வேலை நடந்த மாதங்கள் தனிக் கூத்து. குழாய் செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். பீங்கானைப் பழைய மோஸ்தரில் தேடினார்கள். ஃப்ளஷ் சங்கிலி பித்தளையில்தான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தார். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், தண்ணீர் மட்டும் வரட்டும் என்று. வந்தது. புனரமைப்புக்காக ஏதோ ஒரு அமைப்பு விருதும் கொடுத்தது. மேடையில் தயாளன் ஏற்புரையில், "கழிப்பறையும் ஒரு கலாசாரம்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். புதுச் சிற்றேட்டில் பித்தளைச் சங்கிலிக்கு ஒரு பத்தி இருந்தது. கூடைக்காரருக்கு ஒரு வரி போடும்படி டீச்சர் இரண்டு தடவை சொல்லிப்பார்த்தார். இடமில்லை என்றார்கள்.

மறு வருஷம் டீச்சர் ஓய்வு பெற்றார். ஊரப்பாக்கத்தில் கத்தரிக்காய்ச் செடி வைத்தார், சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்தினார். நிம்மதியாகத்தான் இருந்தது, பியூலாவின் போன் வரும்வரை.

"மேடம், புது பிரின்ஸிபால் ரெண்டு கதவுலயும் பூட்டுப் போட்டுட்டாங்க. விசிட்டருக்கு மட்டுமாம். பிள்ளைங்க அழுக்காக்கிடுவாங்களாம். எல்லாரும் மறுபடியும் பம்பு ஷெட்டுக்குத்தான் போறோம்."

"சாவி யார்கிட்ட?"

"அவங்க கைப்பையில."

"பழைய கதவுல வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாதே. பூட்டை எப்படி மாட்டினாங்க?"

"கீழ இரும்புக் கதவுல சங்கிலி. மேல கதவுல துளை போட்டு, ஸ்க்ரூ வச்சு."

 டீச்சர் சந்தோஷமாக, "தேக்குக் கதவுலயா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, பள்ளிக்குள் நுழைந்து, இரண்டு கதவுகளையும் கண்ணால் பார்த்தார். வெளியே வந்து ஜெயவேலுவின் நாற்காலியில் உட்கார்ந்து தயாளனுக்கு போன் போட்டார். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழை, பாம்பு, பியூலா எதுவும் இல்லை. "சார், பார்லோ ஐயர் காலத்துத் தேக்குக் கதவை யாரோ டிரில் போட்டுத் துளைச்சிருக்காங்க. பார்க்கவே வயிறு எரியுது" என்றார். அவ்வளவுதான்.

பியூலா விழுந்தபோது ஒரு மாதம் கழித்துக் கூடிய குழு, கதவில் துளை விழுந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மூன்று காரில் வந்து இறங்கியது. தயாளன் துளையைத் தடவிப்பார்த்தார். கண் கலங்கிவிட்டது. புது பிரின்ஸிபாலை நிற்கவைத்து அவர் கேட்ட கேள்விகளில், வராந்தாவில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அந்த அம்மாள் கைப்பையைக் கவிழ்த்துச் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பூட்டுகளும் சங்கிலியும் வெளித் தாழ்ப்பாளும் அங்கேயே கழற்றப்பட்டன. இனி எக்காலத்திலும் இந்தக் கதவுகளில் பூட்டு மாட்டக் கூடாது என்று எழுத்தில் உத்தரவானது.

"ஸ்க்ரூவ இன்னா பண்றது சார்?" என்று ஜெயவேலு கேட்டான்.

"தொடாதே. நான் எடுத்துட்டுப் போறேன். ஆதாரம்" என்றார் தயாளன். கைக்குட்டையில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்தவர், ரத்தினபாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மேடம், உங்களை நான் தப்பா நினைச்சுட்டேன். உங்க அளவுக்கு இந்தக் கட்டடத்தை நேசிக்கிற ஆள் கிடையாது."

டீச்சர் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டார். அவர் பின்னால், இடைவேளை மணி அடித்ததும் ஓடிவந்த பெண்கள் கோபுரத்தின் முன்னால் வரிசையாக நின்று, முன்னே நிற்கிறவளைச் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் தாங்காமல் தயாளன் முகம் சுளித்தார்.

"அமைதியான இடம் மேடம் இது" என்றார்.

"ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் மத்தியான ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு நடந்தார்.